நிக்காஹ் புத்தகம் இல்லாதவர்களுக்கு அறை இல்லை

மாலாங்
4 நவம்பர் 1993, வியாழன்

வினார்த்திக்கு,

சலாம். துலுங்காகுங் பஸ் நிலையத்தில் நீ கெடிரி வண்டியில் ஏறி உன் அப்பா வீட்டுக்குப் போனாய், நான் மாலாங் வண்டியில் ஏறி என் அம்மா வீட்டுக்கு வந்தேன். ஒன்பது நாளாகிவிட்டது. கல்யாணமாகிப் பத்தாவது நாளில், தேனிலவுக்கு ஒரே பஸ்ஸில் போய் இரண்டு பஸ்ஸில் திரும்பிய ஜோடி இந்த ஜாவாவிலேயே நாமாகத்தான் இருப்போம்.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்கு முன் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நான் எங்கே தப்பு செய்தேன் என்று நீயே சொல்.

சனிக்கிழமை மத்தியானம் கெமுனிங் கடற்கரையில் இறங்கினோம். முதலில் கண்ணில் பட்டது ரஸ்மான் விடுதி. தகரக் கூரை, ஃபேன் இல்லாத அறை. அந்த வெயிலில் உள்ளே வாணலி மாதிரி காய்ந்தது, ஒப்புக்கொள்கிறேன். நீ அழுதாய். சூடு தாங்காமல் அழுகிறாய் என்று ஓடிப்போய் ஐஸ் வாங்கி வந்தேன். மறுநாள் காலை வேறு இடம் பார்க்கலாம் என்றாய். பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இபு சவுதாவின் விடுதி. நான் பஸ் சீட்டுக்கு மெத்தை தைப்பவன், என்னை எந்த மெத்தையும் ஏமாற்ற முடியாது. உட்கார்ந்து பார்த்தேன், நல்ல இலவம் பஞ்சு. கடல் பக்கம் ஜன்னல். ஃபேன் மூன்று வேகத்திலும் ஓடியது. வாடகையும் நமக்குக் கட்டுப்படியாகிற வாடகை. ஆனால் மேசைக்கு மேலே பலகை மாட்டியிருந்தார்கள்: நிக்காஹ் புத்தகம் இல்லாதவர்களுக்கு அறை இல்லை.

காஜி எனக்குச் சிவப்புப் புத்தகமும் உனக்குப் பச்சைப் புத்தகமும் கொடுத்தார். இரண்டில் ஒன்று இருந்தால் போதும். என்னுடையதை அம்மா அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள், எடுக்க மறந்து வந்துவிட்டேன். அது என் தப்பு. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். உன்னுடையதும் வீட்டில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

மேசையில் இருந்த இபு சவுதா அம்மாள் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "பொண்ணு என்கூட உள்ள படுத்துக்கட்டும். நீங்க வராந்தாவுல பாய் போட்டுக்குங்க. புத்தகத்தக் காட்டுங்க, அப்ப ரூம் தர்றேன்."

ஞாயிறும் திங்களும் அந்தக் கடற்கரையில் ஒன்பது விடுதி ஏறி இறங்கினேன். அதற்கு முந்தின வாரம்தான் அங்கே கல்யாணமாகாத ஜோடிகளைப் பிடிக்கச் சோதனை நடந்ததாம், ரஸ்மானைத் தவிர எல்லோரும் புத்தகம் கேட்டார்கள், அந்த வாணலிக்கு உன்னைத் திரும்பக் கூட்டிப்போக எனக்கு மனசில்லை. ஒருவன் "யாரு வீட்டுப் பொண்ணுப்பா?" என்று என்னைக் கேட்டான். சொந்தப் பெண்டாட்டியோடு தங்க இடம் கேட்டுக் கள்ளன் மாதிரி நின்றேன். அந்த வெயிலில் வெந்த மூக்குத் தோல் இன்னும் உரிகிறது.

செவ்வாய்க்கிழமை, மீன் சந்தைக்குப் பின்னால் புத்தகம் கேட்காத அறை ஒன்று கிடைத்தது. இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, சோதனைக்காரர்கள் வந்து நம்மை மற்ற ஜோடிகளோடு லாரியில் ஏற்றிவிட்டார்கள். அவர்கள் அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். நம் முறை வந்ததும் நீ கைப்பையைத் திறந்து, பச்சைப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாய். அதிகாரி புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

ஏன், வினார்த்தி? அது உன் பையிலேயே இருந்ததே. என்னை ஏன் அலையவிட்டாய்?

பதினைந்தாம் தேதிக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் பச்சைப் புத்தகத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடு. தலாக் மனுவுக்கு இரண்டு புத்தகமும் கேட்பார்களாம். அம்மா விசாரித்துவிட்டாள்.

தர்முஜி


கெடிரி
8 நவம்பர் 1993

மஸ் தர்முஜி அவர்களுக்கு,

சலாம். உங்கள் கடிதம் வந்தது. எந்தப் புருஷனும் "டிக்" என்று கூப்பிடாமல் பெண்டாட்டிக்குக் கடிதம் தொடங்க மாட்டான். நிச்சயதார்த்தத்துக்கு முன்பு எழுதிய கடிதத்தில்கூட நீங்கள் "டிக் வினார்த்தி" என்றுதான் எழுதினீர்கள். சரி, போகட்டும், நான் "மஸ்" என்றே தொடங்குகிறேன்.

புத்தகம் பையில் இருந்தது எனக்கு நினைவில்லை. பையின் பக்க அறையில் அம்மா வைத்திருக்கிறாள். அலுவலகத்தில் நின்றபோது கை தற்செயலாகப் பட்டது. அவ்வளவுதான். உங்களை அலையவிட வேண்டும் என்று எனக்கு ஒன்றுமில்லை.

துலுங்காகுங்கில் உங்கள் வண்டி முதலில் கிளம்பியது. ஜன்னல் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். திரும்பிப் பார்ப்பீர்கள் என்று நின்றேன். முன் சீட்டின் முதுகைத் தடவித் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இங்கே அப்பாவிடம் உங்களுக்குப் பட்டறையில் அவசர வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். போன திங்கட்கிழமையிலிருந்து மறுபடி ஆலைக்குச் சிகரெட் சுருட்டப் போய்வருகிறேன். எங்கள் வரிசையில் இருபது பெண்கள். முதல் நாளே பிடித்துக்கொண்டார்கள். "என்னடி, கடலப் பாத்தியா, இல்ல மல்லாந்து ஃபேன் சுத்துறத மட்டும் பாத்துட்டு வந்தியா?" என்றாள் ஒருத்தி. கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். கடல் அழகு என்றேன், அறை வசதி என்றேன், சாப்பாடு சுட்ட மீன் என்றேன். இத்தனை பொய் சொல்ல வரும் என்று எனக்கே தெரியாது.

தலாக் என்ற வார்த்தையை உங்கள் அம்மா விசாரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விசாரித்தீர்களா?

வினார்த்தி


மாலாங்
11 நவம்பர் 1993

வினார்த்திக்கு,

பொய் சொல்ல வரும் என்று தெரியாது என்கிறாய். நன்றாகவே வருகிறது.

திங்கட்கிழமை மத்தியானம், ஆறாவது விடுதியிலும் இல்லையென்று சொல்லிவிட, திரும்பி வந்தேன். உன் பையின் பக்க அறையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டாய். அதே பக்க அறை. அந்தப் புத்தகம் அதிலே இருந்தால் கைக்குட்டையை எடுக்கும்போதே கையில் இடிக்கும். இனிமேலும் தற்செயல் என்று எழுதாதே.

பட்டறையில் நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ராத்தூக்கம் இல்லாத முகத்தைப் பார்த்து அவர்களாகவே கதை கட்டுகிறார்கள். "புது மாப்பிள்ள, கொஞ்சம் ஒடம்பப் பாத்துக்கய்யா" என்று முதுகில் தட்டுகிறார்கள். அந்தத் தட்டு ஒவ்வொன்றும் எனக்கு அறையாக விழுகிறது.

நேராகவே கேட்கிறேன். வேறு யாராவது இருக்கிறானா? உங்கள் ஆலை மேஸ்திரியா, சரக்கு லாரிக்காரனா? இருந்தால் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாமே. நான் ஒரு வருஷமாக ஓவர்டைம் பார்த்தேன். மற்றவர்களைப் போல ஒரு பிற்பகல் அருவிக்குக் கூட்டிப்போய்ப் பலாப்பழம் வாங்கிக் கொடுத்து முடிக்காமல், என் பெண்டாட்டியைக் கடல் இருக்கும் ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும், ஜன்னல் வைத்த அறையில் தங்கவைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதுவா குற்றம்?

என் அம்மாவை இழுக்காதே. இப்போது நானே விசாரித்துவிட்டேன். புத்தகத்தை அனுப்பு.

தர்முஜி


கெடிரி
16 நவம்பர் 1993

மஸ்,

மேஸ்திரிக்கு அறுபது வயது. லாரிக்காரர் என் சித்தப்பா. உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். ஆமாம், பொய் சொன்னேன். புத்தகம் பையில் இருப்பது தெரியும். கல்யாண வீட்டிலிருந்து கிளம்பும்போது நானேதான் எடுத்து வைத்தேன். கைக்குட்டை எடுத்தபோதும் கையில் பட்டது. இப்போது காரணம் கேட்டீர்கள் அல்லவா, முழுவதும் படியுங்கள். நடுவில் கோபப்பட்டு மடித்து வைத்துவிடாதீர்கள்.

ரஸ்மான் விடுதியில் நீங்கள் வாடகை பேசியது நினைவிருக்கிறதா? நான் இரண்டு கையிலும் பையோடு தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்றேன். வாசலில் நாலு பேர் டொமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். ஃபேன் வைத்த அறைக்கு ரஸ்மான் கூடுதலாகக் கேட்டார். நீங்கள் சொன்னீர்கள்: "ஃபேன் எதுக்கு பாக் ரஸ்மான்? நாங்க என்ன தூங்கவா வந்திருக்கோம்?"

நாலு பேரும் சிரித்தார்கள். ரஸ்மான் என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "அப்ப கட்டிலு ஒடஞ்சா அதுக்குத் தனிக் காசு" என்றார். நீங்களும் சிரித்தீர்கள். நீங்கள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தீர்கள்.

அந்த அறைச் சுவர் மூங்கில் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் அதே நாலு பேர். நான் கட்டிலில் உட்கார்ந்ததும் அது கிறீச்சிட்டது. வெளியே ஒருவர் இருமினார், மற்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் "விடு, யாருன்னே தெரியாதவங்கதான" என்றீர்கள். நான் அழுதது அதற்காக. சூட்டுக்காக இல்லை. நீங்கள் ஐஸ் வாங்கி வந்தீர்கள். புருஷனே ஐஸ் வாங்கி வந்து நெற்றியில் வைக்கிறார், இதற்குமேல் அழக்கூடாது என்று நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் இபு சவுதா வீடு. நல்ல அறைதான். எனக்கும் பிடித்தது. அவர் புத்தகம் கேட்டார், நீங்கள் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தீர்கள், என் கை பைக்குப் போனது. அப்போது அவர் உங்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீ சொல்லும்மா, எங்க படுத்துக்கற?"

மஸ், நம் நிக்காஹ் அன்று நான் உள் அறையில் உட்கார்ந்திருந்தேன். நீங்களும் அப்பாவும் முன் கூடத்தில் கைபிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னீர்கள். அதற்கு முன் காஜியின் ஆள் என் சம்மதம் கேட்க வாசல்படிக்கு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா, "அவளுக்கு வெக்கம். சம்மதந்தான், எழுதிக்குங்க" என்று அனுப்பிவிட்டாள். எனக்குச் சம்மதம்தான். ஆனால் நான் சொல்லவில்லை, பெரியம்மா சொன்னாள். அதற்குப் பிறகு ஐந்து நாள் எங்கள் வீட்டில் இருந்தோம், வீடு நிறைய உறவுக்காரர்கள், எங்கே போகிறோம், எங்கே தங்குகிறோம் எதையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. முதல்முதலாகக் கேட்டது ஒரு விடுதிக்கார அம்மாள். "உங்ககூட" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு பையைத் திறக்க முடியவில்லை.

அன்று நன்றாகத் தூங்கினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் எடுத்துக் கொடுக்கத்தான் இருந்தேன். நீங்கள் அதற்குள் அறை தேடக் கிளம்பிவிட்டீர்கள். வெயிலில் வெந்து வந்து, வாசலில் நின்று, "இபு, எம் பொண்டாட்டியக் குடுங்க, கொஞ்சம் பேசிட்டுத் தர்றேன்" என்றீர்கள், குடையைக் கடன் கேட்கிற மாதிரி. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உங்கள் மூக்கைப் பார்த்ததும் பயம் வந்தது. இப்போது எடுத்தால் இவ்வளவு நேரம் ஏன் எடுக்கவில்லை என்பீர்களே. ஒவ்வொரு விடுதியாக நீங்கள் ஏறி இறங்க, எனக்கு அந்தப் புத்தகம் கனத்துக்கொண்டே போனது.

திங்கட்கிழமை சாயங்காலம் நீங்கள் வராந்தாப் படியிலும் நான் ஜன்னலுக்கு உள்ளேயும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினோம். பஸ்ஸின் கடைசி வரிசை சீட்டுக்கு ஏன் பஞ்சு கூட வைக்க வேண்டும் என்று சொன்னீர்கள். கையைக்கூடத் தொடவில்லை. கல்யாணமாகி எனக்கு உங்களைப் பிடித்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான். செவ்வாய்க்கிழமை காலையில் புத்தகத்தைப் பையின் மேலேயே எடுத்து வைத்திருந்தேன். நீங்கள் ஓடி வந்தீர்கள், "ரூம் கெடச்சுருச்சு, வா வா" என்று என் பையையும் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள்.

மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த அறையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. வாசலில் அந்த ஆளிடம் என்ன பேசினீர்கள் என்று நீங்களே எழுதுங்கள்.

வினார்த்தி


கெடிரி
27 நவம்பர் 1993

மஸ் தர்முஜி அவர்களுக்கு,

பதினோரு நாள் தபால்காரரைப் பார்த்தேன். நேற்று அவரே, "இன்னிக்கும் இல்லம்மா" என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிட்டார்.

நான் கேட்ட ஒன்றை உங்களால் எழுத முடியவில்லை. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வெறும் கையோடு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கேட்டதை அனுப்புகிறேன். உங்கள் அம்மாவிடம் கொடுங்கள். அப்பாவிடம் இன்று சாயங்காலம் சொல்லப்போகிறேன்.

இணைப்பு: பச்சைப் புத்தகம் ஒன்று.

வினார்த்தி


மாலாங்
27 நவம்பர் 1993, சனி

டிக் வினார்த்தி,

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. பாதி முடிந்த பஸ் ஒன்றுக்குள் உட்கார்ந்து படித்தேன். சீட்டு இன்னும் போடாத பஸ், தரையில்தான் உட்கார்ந்தேன். மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் கடைசி அறையைப் பற்றி ஒரு வரி வரும், அங்கேயே பேனா நின்றுவிடும்.

ரஸ்மான் வாசலில் சொன்னது எனக்கு முதலில் நினைவே வரவில்லை. அப்படியெல்லாம் சொல்லவில்லை, இவள் கதை கட்டுகிறாள் என்று கோபம் வந்தது. நாலு நாள் கழித்துப் பட்டறையில் ஒருவன் தன் பெண்டாட்டியை வைத்து ஒரு ஜோக் அடித்தான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே என் சிரிப்பு என் காதில் விழுந்தது. அந்த இடத்திலேயே நினைவு வந்துவிட்டது. வாடகை குறைக்கத்தான் சொன்னேன், டிக். சிரிக்க வைத்தால் விலை குறையும் என்று அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பழக்கம். நீ பின்னால் நிற்கிறாய் என்பதே எனக்குத் தோன்றவில்லை. யோசித்துப் பார்த்தால் அதுதான் பெரிய தப்பு.

இப்போது மீன் சந்தை அறை. எழுதிவிடுகிறேன்.

அந்த ஆள் என்னிடம் பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. "எத்தன மணி நேரம்?" என்று கேட்டான். எனக்குப் புரிந்தது. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். பக்கத்து அறையிலிருந்து பவுடர் பூசிய பெண் ஒருத்தி ஈரத் துணியைப் பிழிந்துகொண்டு வெளியே வந்தாள். ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது, எதற்காக அவ்வளவு சத்தம் என்பதும் புரிந்தது. நான் "ரெண்டு" என்றேன். இரண்டு மணி நேரத்துக்குக் காசு கொடுத்தேன். அறை என்றால் அறைதானே, கட்டியவளோடுதானே போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உன் பையைத் தூக்க ஓடி வந்தேன்.

உள்ளே வந்ததும் நீ அந்தக் கட்டிலைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். கதவோரம் நின்றுகொண்டே இருந்தாய், உட்காரவே இல்லை. உனக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது. இருந்தும் "உக்காரு, ஜன்னல் இருக்கு பாரு" என்றேன். வெளியே லாரி வந்து நின்றபோது, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அலுவலகத்தில் அதிகாரி சிரித்ததை மட்டும் உனக்கு எழுதினேன், சொன்னதை எழுதவில்லை. "புத்தகம் வச்சிருக்கற பொண்டாட்டிய இந்த மாதிரி எடத்துக்கு எவனாவது கூட்டிட்டு வருவானாய்யா?" என்றார். அது உன் காதிலும் விழுந்தது. அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் இத்தனை நாளும் "ஏன் மறைத்தாய், ஏன் மறைத்தாய்" என்று உன்னையே துரத்திக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரி பற்றி எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. உன் சித்தப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே, லாரிக்காரர் கை பலமாக இருக்கும்.

புத்தகத்தை அனுப்பாதே. நான் கேட்டதே தப்பு. அனுப்பாதே, டிக்.

தர்முஜி


மாலாங்
1 டிசம்பர் 1993

டிக்,

நம் இரண்டு கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. பதிவுத் தபாலை வாங்கக் கையெழுத்துப் போட்டது அம்மா. மேலே தடவிப் பார்த்துப் புத்தகம் என்று கண்டுபிடித்துவிட்டாள். நான் பட்டறையிலிருந்து வந்ததும், "வந்துருச்சுடா. வெள்ளிக்கெழம லீவு போடு, மனு எழுதறவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். என் சிவப்புப் புத்தகத்தையும் அலமாரியிலிருந்து எடுத்து உன்னுடையதோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள்.

அம்மாவிடம் முதல்முறையாகக் குரலை உயர்த்திவிட்டேன். அவள் இரண்டு நாளாகப் பேசவில்லை. சோறு மட்டும் மேசையில் இருக்கிறது.

உன் புத்தகத்தை இதோடு உனக்கே திருப்பி அனுப்புகிறேன். அது உன் பெயருக்குக் கொடுத்தது. யாரிடம் காட்டுவது, எப்போது காட்டுவது, காட்டுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். என்னிடம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பதினோராம் தேதி சனிக்கிழமை கெமுனிங் போகிறேன். இபு சவுதாவுக்கு அஞ்சலட்டை போட்டு ஜன்னல் வைத்த அறையைக் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை, இருந்தாலும் போகிறேன். என் புத்தகம் சட்டைப்பையில் இருக்கும். நீ வந்தால் அங்கே என்ன செய்வது என்பதை நீ சொல், வராந்தாவில் பாய் போட எனக்குப் பழகிவிட்டது. நீ வராவிட்டால் ஞாயிறு சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அதற்குப் பிறகு நீ எது கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இந்தக் கடிதம் எழுத எனக்குத் தைரியம் வந்ததே பெரிது. இதற்குமேல் நயமாக எழுதத் தெரியவில்லை.

உன் தர்முஜி


கெமுனிங்
10 டிசம்பர் 1993, வெள்ளி

மஸ்,

ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டேன். நீங்கள் வந்து அறை பேசி முடித்த பிறகு பையோடு பின்னால் நிற்க எனக்கு இஷ்டமில்லை.

அப்பாவிடம் புருஷனைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். போன மாதம் தலாக் என்று நான் சொன்னபோது இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவர், இப்போது ஒன்றுமே கேட்காமல் பஸ் வரைக்கும் வந்து பழம் வாங்கிக் கொடுத்தார். மத்தியானம் இறங்கினேன். வெயில் அன்றைக்கு அடித்த மாதிரியே அடிக்கிறது. மழை வரும் வரும் என்கிறார்கள், வரவில்லை.

இபு சவுதா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு புத்தகத்தை ஒரு பக்கம் விடாமல் படித்தார். "படத்துல ஏம்மா இப்பிடி மொறைக்கற?" என்றார். நான் அழுதுவிட்டேன். அன்றைக்கே புத்தகம் பையில் இருந்தது என்று சொன்னேன்.

"தெரியும்" என்றார். "ஒங் கை பைக்குப் போயி அப்பிடியே நின்னுச்சே, பாத்தேன்."

"அப்ப ஏன் இபு சொல்லல?"

"சொன்னா ஒரு ரூம் வாடக. சொல்லலன்னா ஒங்கட்டில் ஒண்ணு, அவரு பாய் ஒண்ணு. ரெண்டு வாடக" என்றார், கொஞ்சமும் கூசாமல். உங்கள் மூக்குத் தோல் போனதில் அவருக்கும் பங்கு இருக்கிறது. நாளைக்கு வாடகை பேசும்போது அதைச் சொல்லி நான்தான் பேசப்போகிறேன். நீங்கள் குறுக்கே வராதீர்கள்.

அறையைப் போய்ப் பார்த்தேன். செங்கல் சுவர். ஜன்னல் கொக்கி சரியாக இருக்கிறது. ஃபேன் இரண்டு வேகத்தில்தான் ஓடுகிறது, மூன்றாவது கெட்டுவிட்டதாம். போதும்.

நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். உங்களுக்குத் தெரிந்தே கூட்டிப்போனீர்கள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நீங்களாக எழுதுவீர்கள் என்று தெரியாது. கோபம் இன்னும் தீரவில்லை. ஒரு நாள் தீரும், ஒரு நாள் திரும்ப வரும், அப்படித்தான் இருக்கிறது. பயமும் அப்படியே இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு நாளைக்கு உங்கள் முன்னால் சிரிக்க மாட்டேன். உங்களைப் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. காலையில் பஸ்ஸில் ஏறியதும் கடைசி வரிசைக்குப் போய் அமுக்கிப் பார்த்தேன், பஞ்சு குறைவு.

இந்தக் கடிதத்தை நாளைக் காலை பெட்டியில் போட்டால் மாலாங் போய்ச்சேர மூன்று நாள் ஆகும். அதற்குள் நீங்கள் அங்கிருந்து கிளம்பியிருப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நேரில் பார்த்ததும் எனக்கு வாய் அடைத்துவிடும். ஒருமுறை அடைத்ததற்கு நாம் பட்டது போதும். அதனால் இதை எழுதி வைத்துவிடுகிறேன்.

இதை நீங்கள் தனியாக உட்கார்ந்து படித்தால், நீங்கள் வரவில்லை என்று அர்த்தம். நான் ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் இருந்துவிட்டுப் போயிருப்பேன்.

நான் பக்கத்தில் இருக்கும்போது படித்தால், நாம் ஒரே பஸ்ஸில் மாலாங் திரும்பிவிட்டோம் என்று அர்த்தம். படித்து முடித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு என்னிடம் எதையாவது கேளுங்கள். என்ன கேட்பது என்று யோசிக்க வேண்டாம். பசிக்கிறதா என்று கேட்டாலும் போதும். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை இருங்கள்.

உங்கள் வினார்த்தி